எதிரணிக்குக் காவல் நின்றவன்

ஒரெஸ்ட் பிலிக்கின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள், சுரங்கத்தில் ஏதோ வெடி தப்பாக வெடித்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். கார்னெட் ஏரி நிக்கல் சுரங்கத்து ஊர். அப்படி நினைப்பதில் தப்பில்லை. இடது புருவம் நடுவில் அறுந்து இரண்டு துண்டாக நிற்கும். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மனம் மாறியதுபோல மறுபக்கம் திரும்பும். மேலுதட்டில் தையல் தடம். முன்பற்கள் கட்டியவை. ஆனால் அந்த நாளில் அவன் சுரங்கத்துக்குள் ஒரு தடவைகூட இறங்கியதில்லை. அவன் அப்பா இறங்கினார், அண்ணன் இறங்கினான். இவன் ஊர்க் கிளப்பின் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர். முகத்தில் இருந்ததெல்லாம் கெட்டி ரப்பர் வட்டு செய்துவைத்த வேலை.

அந்தக் காலத்தில் முகமூடி கிடையாது. போட்டால் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வந்துவிடும். கால் இரண்டுக்கும் குதிரைமுடி திணித்த தோல் பேடு, ஒரு கையில் மட்டை, இன்னொரு கையில் கையுறை, அவ்வளவுதான். முகம் கடவுள் விட்ட வழி.

கோல்கீப்பர் என்று சொன்னாலும் அவன் இரண்டாவது கோல்கீப்பர். ஒரு கிளப்புக்கு ஆட்டத்தில் நிற்க ஒரே ஆள்தான் வேண்டும். அவன் எலும்பு முறியாத வரைக்கும் எல்லா ஆட்டத்திலும் அவனே நிற்பான். இரண்டாவது ஆள் பயிற்சிக்கு. காலையில் வந்து பேடைக் கட்டிக்கொண்டு வலைக்கு முன்னால் நிற்க வேண்டும், அணியில் உள்ள அத்தனை பேரும் மாறி மாறி அவன்மேல் அடிப்பார்கள். ஆட்டத்தன்று அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்பான்.

கிளப்பை நடத்தியவர் ஆல்டன் மெக்ரே. பயிற்சியாளரும் அவர்தான், யாரை எடுப்பது யாரை விடுவது என்பதும் அவர்தான். எப்போதும் வாயில் ஒரு புதினா மிட்டாய் கிடக்கும். கோபம் வந்தால் அதைக் கடித்து நொறுக்குவார், அந்தச் சத்தம் கேட்டாலே ஆட்டக்காரர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். பயிற்சியில் ஒரெஸ்ட் எல்லாவற்றையும் தடுத்துவிடும் நாட்களில் அந்தச் சத்தம் அடிக்கடி கேட்கும்.

"ஒரு கிழட்டு வேலிகிட்ட கோல் போட முடியலயாடா உங்களால? இவன்கிட்ட போடாதவன் யாருக்கும் மத்தியானச் சாப்பாடு கிடையாது!"

ஒரெஸ்ட் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வான். வருஷா வருஷம் இலை உதிரும் காலத்தில் மெக்ரேயின் அறைக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். முதல் கோல்கீப்பர் லோர்ன் டக்கருக்குப் பதிலாக ஒரு சில ஆட்டமாவது தன்னை நிறுத்தக் கூடாதா என்று கேட்பான்.

"அடுத்த வருஷம் பாக்கலாம், பிலிக்."

ஒரு தடவை துணிந்து, வேறு ஊர்க் கிளப்புக்காவது தன்னை அனுப்பிவிடச் சொன்னான். மெக்ரே தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அனுப்பறதுக்கென்ன? யாராவது உன்னைக் கேக்கணுமே!"

யாரும் கேட்கவில்லை என்பதை ஒரெஸ்ட் நம்பினான். நம்பாமல் இருக்க அவனுக்குக் காரணமும் இல்லை. ஆட்டத்தில் நிற்காதவனை யார் பார்த்திருப்பார்கள், யார் கேட்கப் போகிறார்கள்? இலவு காத்த கிளிக்காவது காய் கண்ணெதிரே தொங்கும்.

அவன் மனைவி ஓடெட் பிரெஞ்சுக்காரி. ஏரிக்கு மறுகரையில், தேவாலயத்தைச் சுற்றியிருந்த தெருவில் பிறந்தவள். வாய்த் துடுக்கு அதிகம். கல்யாணத்தோடு அவள் தம்பி ரெமியும் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பெற்றவர்கள் இல்லாத பையன், கால் ஸ்கேட்டில் ஏறிவிட்டால் தரையை மறந்துவிடுகிற பையன். குளிர்காலம் முழுக்க விடியற்காலையில் ஏரியின் உறைந்த முனையில் ஒரெஸ்ட் நிற்பான், ரெமி அடிப்பான். "தோளை இறக்காதேடா, தோளை இறக்காதே. நீ எங்க அடிக்கப் போறேன்னு தோளே சொல்லுது" என்று ஒரெஸ்ட் கத்திக்கொண்டே இருப்பான். ரெமி சிரிப்பான். "உனக்குத்தான் அத்தான் தெரியுது. வேற எவனுக்குத் தெரியும்?"

வேறு எவனுக்கும் தெரியவில்லை போலத்தான் இருந்தது. கிளப்பில் சேர்ந்த இரண்டாம் வருஷமே ரெமி கரோன்தான் அணியில் அதிக கோல் போடுகிறவன். முடிதிருத்தும் கடையில் அவனிடம் யாரும் காசு வாங்குவதில்லை. அந்த வருஷம் குளிர்காலக் கடைசியில், பெரிய லீக்குக்கு ஆள் பொறுக்குகிற கிளைட் மன்ரோ கார்னெட் ஏரிக்கு வருகிறார், ரெமியைப் பார்க்கத்தான் வருகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. ஓடெட் தம்பிக்குப் புதுக் கோட்டு வாங்கி ஆணியில் மாட்டி வைத்தாள்.

மன்ரோ வந்தது பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதில் ஜெயித்தால் கார்னெட் ஏரி அணி கோப்பைக்கான சுற்றுக்குள் போகும், தோற்றால் வீட்டுக்குப் போகும். எதிரணி போர்ட் ஹெரிக், பட்டியலில் கடைசி இடம். அவர்களுக்கு ஜெயித்தாலும் ஒன்றுதான், தோற்றாலும் ஒன்றுதான். ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் சாயங்கால ரயிலைப் பிடிக்கலாம் என்பதுதான் அவர்கள் கவலை. பூசை முடிந்து ஊரே நேராக அரங்கத்துக்கு வந்துவிட்டது. மரக்கூரையின் கீழ் ஈரக் கம்பளி வாசமும் சுருட்டுப் புகையும் மண்டிக் கிடந்தன.

அணிக்கு இரண்டு கோல் போட்டிருந்த நேரம். மூன்று பகுதி ஆட்டத்தில் இரண்டாம் பகுதி தொடங்கிக் கொஞ்சம்தான் ஆகியிருக்கும், வலைக்கு முன்னால் நடந்த நெரிசலில் யாரோ ஒருவனின் ஸ்கேட் கத்தி மேலே எழும்பி போர்ட் ஹெரிக் கோல்கீப்பரின் கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பனியில் சிவப்பாக ஒரு கோடு அவன் பின்னாலேயே போயிற்று. கண் பிழைத்தால் போதும், இன்றைக்கு இனி நிற்க மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெளியூரிலிருந்து வருகிற அணி ஒரே கோல்கீப்பரோடுதான் வரும். அவன் விழுந்தால், உள்ளூர்க் கிளப் தன் இரண்டாவது ஆளை எதிரணிக்குக் கொடுக்க வேண்டும். லீக்கின் விதி அது. எல்லாருக்கும் தெரிந்த விதிதான், கார்னெட் ஏரியில் அது அதுவரைக்கும் தேவைப்பட்டதில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது. "ஒரெஸ்ட் பிலிக் அரங்கத்தில் இருந்தால் உடனே கீழே வரவும்."

கூட்டம் சிரித்தது. "போடா ஒரெஸ்ட், கடலையைக் கீழ வச்சிட்டுப் போ!" என்று யாரோ கத்த, சுற்றி இருந்தவர்கள் அவன் முதுகில் தட்டி அனுப்பினார்கள். கதை முடிந்தது, கோப்பைச் சுற்றுக்குள் போயாயிற்று என்றே எல்லாருக்கும் நினைப்பு. நம்மாள்தானே அங்கே நிற்கப் போகிறான்.

நடைபாதையில் மெக்ரே காத்திருந்தார். ஒரெஸ்டின் கோட்டுக் காலரைச் சரிசெய்வதுபோலப் பிடித்துக்கொண்டார். அவர் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"பதட்டப்படாதே. நீ ஆட்டத்துல நின்னு ரொம்ப நாளாச்சு. ரெண்டு மூணு உள்ள போயிட்டா யாரும் உன்னைத் தப்பா நெனைக்கப் போறதில்ல."

"நான் பதட்டப்படலையே, கோச்."

"நான் சொல்றது உனக்குப் புரியுதா?"

"புரியுது கோச்."

"அடுத்த வருஷம் டக்கருக்கு வயசாயிடும்" என்று சொல்லிவிட்டு, மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு போய்விட்டார்.

போர்ட் ஹெரிக்கின் பச்சைச் சட்டை அவனுக்கு இறுக்கமாக இருந்தது, கழுத்தில் அந்தக் கோல்கீப்பரின் ரத்தம் இன்னும் காயவில்லை. பேடு மட்டும் அவனுடையது. எதிரணிப் பயிற்சியாளர் ஹெக்டர் பாய்ல் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ இந்த ஊர்க்காரன்தானே?"

"ஆமா."

"சரி, நின்னுட்டுப் போ. அதிகமா வாங்கிடாதே, எங்களுக்கும் கொஞ்சம் மானம் வேணும்."

அவ்வளவுதான் அவர் எதிர்பார்த்தது. ஒரெஸ்ட் என்ன எதிர்பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது. பிறகு எத்தனையோ வருஷம் யோசித்துப் பார்த்திருக்கிறான். ஐஸில் இறங்கும்போது மெக்ரே சொன்னதைச் செய்ய வேண்டும் என்றும் நினைக்கவில்லை, செய்யக் கூடாது என்றும் நினைக்கவில்லை. வலைக்கு முன்னால் போய் நின்று, கம்பத்தை மட்டையால் இரண்டு பக்கமும் தட்டினான். நிமிர்ந்து பார்த்தான். விளக்கு, கூட்டம், வெள்ளை வெளேரென்ற பனி, எதிரில் தினமும் காலையில் பார்க்கிற அதே முகங்கள். முதல் வட்டு வந்தது. கை தானாகப் போயிற்று.

தினமும் அவர்கள் அடித்துப் பழகியது அவன்மேல். அவன் பழகியதோ அவர்கள் அத்தனை பேரின் கையையும். யார் மணிக்கட்டைத் திருப்புவான், யார் பார்க்காத பக்கம் அடிப்பான், யார் பயந்தால் சீக்கிரம் அடித்துவிடுவான் என்று அவனுக்கு மனப்பாடம். போர்ட் ஹெரிக் தடுப்பாட்டக்காரர்கள் ரயிலைப் பற்றி யோசித்துக்கொண்டு ஆள் ஆளாக உள்ளே விட்டார்கள், அவன் ஒவ்வொன்றாகத் தடுத்தான். கொஞ்ச நேரம் கூட்டம் சிரித்தது. கொஞ்ச நேரம் செல்லமாகத் திட்டியது. "டேய், ஆட்டம் காட்டினது போதும்டா!" பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டாம் பகுதி முடிகிற தறுவாயில், ஒரு வட்டு யாரோ ஒருவன் மட்டையில் பட்டுத் திரும்பி அவன் வாயில் அடித்தது. பல் இரண்டு பனியில் விழுந்தது. கோல்கீப்பரைத் தைத்து முடிக்கும்வரை ஆட்டம் காத்திருக்கும். டாக்டர் உள்ளூர்க்காரர், ஒரெஸ்டின் அம்மாவுக்கு வைத்தியம் பார்த்தவர். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

"தலை சுத்துதா ஒரெஸ்ட்?"

"இல்ல டாக்டர்."

"சுத்தும். சுத்துதுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும், நான் உன்னை எழுந்திரிக்க விடமாட்டேன். அவங்க ஆட்டக்காரன் எவனாவது பேடைக் கட்டிட்டு நிக்கட்டும். உனக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது."

ஒரெஸ்ட் கிழிந்த உதட்டை விரலால் சேர்த்துப் பிடித்துக் காட்டினான்.

"தையுங்க டாக்டர்."

மரத்துப்போகும் மருந்து போடாமல்தான் தைத்தார். இருந்ததா இல்லையா என்று ஒரெஸ்ட் கேட்கவில்லை.

மூன்றாம் பகுதியில், யாரும் கேட்காமலேயே போர்ட் ஹெரிக்குக்கு ஒரு கோல் கிடைத்தது. நடுக்கோட்டிலிருந்து சும்மா தள்ளிவிட்ட வட்டு டக்கரின் காலுக்கடியில் நழுவிப் போயிற்று. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் கார்னெட் ஏரி அணி மொத்தமும் ஒரெஸ்டின் மேல்தான். மெக்ரே மிட்டாயைக் கடிக்கும் சத்தம் அவ்வளவு இரைச்சலிலும் தனக்குக் கேட்டது என்று அவன் பின்னாளில் சொல்வதுண்டு. அது பொய்யாகத்தான் இருக்கும்.

கடைசி நிமிஷத்தில் ரெமிக்கு வட்டு கிடைத்தது. முன்னால் யாருமில்லை. நடுக்கோட்டிலிருந்து தனியாக வந்தான், அவ்வளவு வேகமாக ஒருவன் வந்து அந்த ஊர் பார்த்ததில்லை. எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரெஸ்ட் முன்னால் நகர்ந்தான். ரெமியின் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தான். வலது தோள் இறங்கிற்று. வட்டு மேலே, இடது பக்கம்தான் வரும். அவன் கையுறை அதற்கு முன்பே அங்கே இருந்தது.

மணி அடித்தபோது வட்டு இன்னும் அவன் கையில்தான் இருந்தது. ரெமி முட்டி போட்டபடி அவன் முன்னால் வழுக்கி வந்து நின்றான். வாய் திறந்திருந்தது.

முதலில் ஒரு மிதியடி வந்து விழுந்தது. பிறகு பாட்டில், பிறகு கைக்குக் கிடைத்ததெல்லாம். "யூதாஸ்!" என்று ஒரு பெண் குரல் கத்தியது. பூசையில் தனியாகப் பாடுகிற குரல் அது, ஊரில் எல்லாருக்கும் தெரியும். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணவனே!" பச்சைச் சட்டைக்காரர்கள் அவனைச் சூழ்ந்து தலையைத் தடவி, முதுகைக் குத்தி, உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் அவனும் சிரித்தான், தையல் இழுத்தது. ஆனால் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. குளிக்கக்கூட நிற்காமல் மூட்டை கட்டினார்கள். பாய்ல் வாசலுக்குப் போனவர் திரும்பி வந்தார். கைகொடுக்கத்தான் வருகிறார் என்று ஒரெஸ்ட் எழுந்தான்.

"தம்பி, அந்தச் சட்டை. எண்ணிக் குடுக்கணும், குறைஞ்சா என்னைக் கேப்பாங்க."

கழற்றிக் கொடுத்தான். அவர் அதைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, "நல்லா நின்னே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பனியனோடு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் மன்ரோ உள்ளே வந்தார். கனத்த உடம்பு, கையில் தொப்பி.

"உனக்கு என்னப்பா வயசு?"

"முப்பத்தி நாலு."

மன்ரோ உச்சுக்கொட்டினார். "பிலிக்... ஆல்டன் மெக்ரே சொன்ன பிலிக் நீதானா?"

"அவர் என்ன சொன்னார்?"

"ஒரு தடவையா, ரெண்டு தடவையா? கீப்பர் தேவைப்பட்டப்பல்லாம் கேட்டிருக்கேன். உங்க பயிற்சியை ஒரு நாள் எட்டிப் பாத்து, யார் அந்தப் பையன்னு நானே கேட்டேன். 'கை நல்ல கைதான், ஆனா மூஞ்சில அடி பட்டதுலேர்ந்து வட்டு வந்தா கண்ணை மூடிக்கிறான், ஆட்டத்துக்கு ஆகமாட்டான்'னு சொன்னாரு. கீப்பர் கண்ணை மூடிட்டா அப்புறம் என்ன இருக்கு? விட்டுட்டேன்." அவர் ஒரெஸ்டின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு வாய் கிழிஞ்சு தச்சுட்டு வந்து நின்னே. நீ கண்ணை மூடி நான் பாக்கலையேப்பா."

ஸ்கேட் கயிற்றை அவிழ்க்கக் குனிந்த ஒரெஸ்ட் குனிந்தபடியே இருந்தான். மன்ரோ வாசலுக்குத் திரும்பியபோதுதான் அவனுக்கு மற்றது ஞாபகம் வந்தது.

"ரெமி? கரோன்? அவனைப் பாக்கத்தானே வந்தீங்க?"

"பாத்தேன். பயிற்சிக்கு நிக்கிற ஆள்கிட்டயே தனியா வந்தும் போட முடியல."

"எனக்கு அவன் கை தெரியும். அவன் தோளைப் பாத்துப் புடிச்சேன். வேற யாருக்கும் தெரியாது, சத்தியமா."

"மேல போனா ரெண்டே மாசத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிடும்ப்பா" என்று சொல்லிவிட்டு மன்ரோ தொப்பியைப் போட்டுக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத்தான் போனார்.

வீட்டில் சூப் ஆறிக்கொண்டிருந்தது. ரெமி துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். புதுக் கோட்டு ஆணியிலேயே தொங்கிற்று.

"எல்லாத்தையும் தடுத்தே, சரி. அது உன் வேலைன்னு வச்சுக்கறேன். என் ஒண்ணை மட்டும் விட்டிருக்கக் கூடாதா அத்தான்? ஒண்ணே ஒண்ணு."

"வட்டு வந்துது, மச்சான். கை போயிடுச்சு."

"கை போயிடுச்சாம்! உன் கையை நீதானே வச்சிருக்கே?"

அவன் போன பிறகு ஓடெட் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டே பேசினாள்.

"அந்தப் பச்சைச் சட்டையில நின்னப்ப உனக்கு யாராவது கை தட்டினாங்களா? ஒருத்தன்? நான் பாத்துட்டே இருந்தேன். அவங்க ஊர்க்காரன் ஒருத்தன்கூட வரல."

ஒரெஸ்ட் மன்ரோ சொன்னதை அவளிடம் சொன்னான். மெக்ரேயைப் பற்றிச் சொன்னதை மட்டும். ரெமியைப் பற்றிச் சொன்னதை விட்டுவிட்டான். தனக்காக அவள் கொதிப்பாள் என்று நினைத்தான். அவள் திரும்பி அவனை ஏதோ புதுசாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் அந்தாளு வாசல்ல தொப்பியைப் புடிச்சிட்டு நின்னியே. உன்னை ஏமாத்தறான்னு உனக்கா ஒரு நாள் தோணலையா?"

மறுநாள் காலை மெக்ரேயின் அறைக்குப் போனான். இந்தத் தடவை வெளியே நிற்கவில்லை.

"மன்ரோ சொன்னது உண்மையா?"

மெக்ரே மறைக்கவில்லை. அதுதான் ஒரெஸ்டுக்குத் தாங்கவில்லை. கொஞ்சம் மென்று முழுங்கியிருந்தாலாவது திட்டியிருக்கலாம்.

"உண்மைதான். சொன்னேன்."

"ஏன்?"

"ஏன்னா? டக்கர் போனா இன்னொரு டக்கர் கெடைப்பான். உன்னை மாதிரி ஒருத்தன் தினம் எதிர்ல நின்னாத்தான் என் பசங்களுக்குக் கை கூராகும். உன்னை அனுப்பிட்டு நான் எங்க போய்த் தேடறது?" அவர் குரல் உயர்ந்தது. "உன்மேல அடிச்சு அடிச்சுத்தானே அந்தக் கரோன் பயலே வந்தான். நேத்து என்ன பண்ணே? பத்து வருஷ வேலையை ஒரு மத்தியானத்துல குப்பையில போட்டே. போ. இனி இந்தப் பக்கம் வராதே."

அவனுடைய ஆட்டத்தை மெக்ரே அவன் முகத்துக்கு நேராகப் புகழ்ந்தது அது ஒரு தடவைதான், அதுவும் திட்டுகிற குரலில். ஒரெஸ்ட் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த மேசையைக் கவிழ்த்திருக்கலாம். அந்த வாயில் ஒன்று விட்டிருக்கலாம், மெக்ரேயே அதை எதிர்பார்த்ததுபோல நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். ஆனால் ஒரெஸ்டின் வாயிலிருந்து வந்தது வேறு.

"என் பேடை எடுத்துக்கட்டுமா, கோச்?"

"அது கிளப் சொத்து."

வாழ்நாளில் அவன் எதற்காவது வெட்கப்பட்டான் என்றால் அந்தக் கேள்விக்காகத்தான். சுரங்கத்துக்குள் கூண்டில் இறங்கும்போது, இருட்டில், அது ஞாபகம் வந்து சில சமயம் வாய்விட்டு முனகுவான். பக்கத்தில் நிற்பவர்கள் முதுகு வலி என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆமாம், சுரங்கத்துக்குத்தான் போனான். போர்ட் ஹெரிக்குக்குப் பஸ் ஏறிப்போய் ஒரு தடவை கேட்டுப் பார்த்தான். பாய்லுக்கு அவனை அடையாளம் தெரிய நேரம் பிடித்தது. "எங்க கீப்பர் கண்ணு சரியாயிடுச்சுப்பா" என்றார். கார்னெட் ஏரிச் சுரங்கத்தில் அண்ணன் தன் ஷிஃப்டிலேயே சேர்த்துவிட்டான். அங்கே அவனுக்குப் பெயர் "பச்சை". "பச்சை, அந்தச் சம்மட்டியைக் குடு." "பச்சை, இன்னிக்கு எந்தப் பக்கம் வேலை செய்யறே, நம்ம பக்கமா அவங்க பக்கமா?" முதலில் விஷமாகச் சொன்னார்கள், பிறகு பழக்கத்தில் சொன்னார்கள், கடைசியில் ஏன் அந்தப் பெயர் என்று தெரியாத இளவட்டங்களும் அப்படியே கூப்பிட்டார்கள். ஓடெட் கடைக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டாள். தேவாலயத்தில் பின்வரிசைக்குப் போனாள். அவனை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றிப் பேசவுமில்லை.

ரெமியைப் பெரிய லீக்கிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. இன்னும் இரண்டு பருவம் ஆடினான், கோலும் போட்டான், ஆனால் தனியாகப் போகும்போதெல்லாம் கடைசி நொடியில் தயங்கினான் என்று சொல்வார்கள். பிறகு மேற்கே ஒரு மர ஆலைக்குப் போய்விட்டான். குடிக்கிறான் என்று கேள்வி.

காலம் மாறிற்று. கோல்கீப்பர்கள் எல்லாரும் முகமூடி போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு அணியும் இரண்டு கோல்கீப்பரைக் கூடவே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று விதி வந்தது. பெரிய லீக்கில் அணிகள் ஒரே வருஷத்தில் இரண்டு மடங்காயின. கோல்கீப்பர் எங்கே கிடைப்பான் என்று ஆள் தேடுகிறவர்கள் ஊர் ஊராக அலைகிறார்களாம். சாப்பாட்டு நேரத்தில், பூமிக்கடியில், ஒருவன் அதைச் செய்தித்தாளில் உரக்கப் படித்தான். "பச்சை, உனக்கு வேலை இருக்குடோய்!" எல்லாரும் சிரித்தார்கள். ஒரெஸ்டுக்கு அப்போது பாதிக் காது கேட்காது. அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு ரொட்டியைப் பிட்டான்.

மெக்ரே செத்தபோது அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பெயர்ப்பலகைத் திறப்பு விழாவுக்கு ஊரே போயிற்று. ஒரெஸ்ட் போகவில்லை. ஆனால் சுரங்கத்துக்குப் போகிற வழி அரங்கத்தைத் தாண்டித்தான், தினமும் அந்தப் பெயரின் கீழே நடக்க வேண்டியிருந்தது.

ஓடெட்டை அடக்கம் செய்த அன்றுதான் ரெமி திரும்பி வந்தான். தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் காபியும் இறைச்சி அடையும் வைத்திருந்தார்கள். ரெமிக்கு முடி கொட்டி, கன்னம் தொங்கியிருந்தது. ஒரெஸ்டின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அக்காவைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள், கடைசியில் அவள் சாப்பிட்டாளா, வலி இருந்ததா என்று. பிறகு ரெமி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கணும் அத்தான். அன்னிக்கு மன்ரோ உன்கிட்டப் பேசினாராமே. டக்கர் சொன்னான். என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

ஒரெஸ்ட் நல்ல காதை அவன் பக்கம் திருப்பினான்.

"அந்தக் கடைசி வட்டு உள்ள போயிருந்தா, என்னைக் கூட்டிட்டுப் போயிருப்பாரா? மேல?"

உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். தோளை இறக்காதே என்று எத்தனை காலைகள் கத்தியிருக்கிறான். இரண்டே மாதத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று அந்த மனிதர் சொன்னது இன்னும் காதில் இருந்தது. ரெமி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போயிருப்பே" என்றான் ஒரெஸ்ட்.

பாவம் பார்த்துச் சொன்னானா, அலுத்துப்போய்ச் சொன்னானா, அவனுக்கே தெரியவில்லை. ரெமியின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வந்த வேகத்திலேயே அணைந்தும் போயிற்று.

"அப்ப நீதான் கெடுத்தே."

"ஆமா."

"கொஞ்ச வருஷமா, ஒருவேளை என் கைதான் சரியில்லையோன்னு நெனச்சிட்டிருந்தேன். உன்னைத் திட்டறதைக்கூட நிறுத்திட்டேன் தெரியுமா? இங்க வர்ற வழியெல்லாம், போய் அத்தான் கையைப் புடிச்சுக்கணும்னுதான் வந்தேன்."

அவன் எழுந்து கோட்டை எடுத்துக்கொண்டான். படியேறிப் போகும்வரை ஒரெஸ்ட் பார்த்துக்கொண்டே இருந்தான், கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பாதிரியார் அடைத் தட்டை அவன் பக்கம் நீட்டினார். ஒரெஸ்ட் ஒன்றை எடுத்துக்கொண்டான். காலையிலிருந்து அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.